பாம் த்ரீயோடு வந்த மென்பொருளை எடைபோட்ட வேலை

1999-ல் நான் சான் ஹோசேயில் வேலை பார்த்தபோது, வாடிக்கையாளர் இடத்துக்கே போய் இயந்திரம் பழுது பார்க்கும் எங்கள் ஆட்களுக்குக் கையடக்க ஆர்கனைசர், அதாவது நாட்குறிப்பு, முகவரி எல்லாம் வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி, வாங்கித் தரலாமா என்று பேச்சு வந்தது. தனியாக மென்பொருள் எதுவும் வாங்க மாட்டோம், கருவியோடு வருவதை வைத்தே வேலை நடக்குமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பாம் நிறுவனத்தின் பாம் த்ரீ ஒன்றும், சிறு கருவிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் சிஇ ஓடும் இன்னொரு கருவியும் என் மேசைக்கு வந்தன.

கூடவே ஒரு அட்டவணையும் தந்தார்கள். வசதியின் பெயர், இருக்கிறது, இல்லை. அந்தக் கணக்குப்படி பாம் தோற்றுவிடும், ஏனென்றால் மற்றதில் குரல் பதிவு உட்பட நிறைய இருந்தது. ஆனால் ஒரு கையில் டூல் பாக்ஸோடு வாசலில் நிற்கும் ஆளிடம் வாடிக்கையாளர் "அடுத்த செவ்வாய் வந்துடுங்க" என்றால் அதைக் குறித்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

பாமில் திரைக்குக் கீழே நான்கு பொத்தான்கள்: நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு. அணைந்து கிடக்கும்போது நாட்குறிப்புப் பொத்தானை அழுத்தினால் நேரே இன்றைய பக்கம் வந்து நிற்கும். நேரத்துக்கு எதிரே எழுத வேண்டியதுதான், சேமிக்க என்று தனியாக எதையும் தட்ட வேண்டாம். 16 மெகாஹெர்ட்ஸ் சிப், 2 எம்பி நினைவகம், அவ்வளவுதான். இருந்தும் காத்திருக்க வைக்காது. இந்த வரிசையின் முதல் கருவியை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அது உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதுவது போலச் செய்து பார்த்தவர். அந்தக் கவனம் ஒவ்வொரு திரையிலும் தெரிந்தது.

முகவரிப் பகுதியில் நான்கு கட்டங்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் இயந்திரத்தின் சீரியல் நம்பர், இன்னொன்றில் கடைசியாக சர்வீஸ் செய்த தேதி என்று போட்டதும் எங்கள் வேலைக்கென்றே செய்தது போல ஆகிவிட்டது. ஆனால் முகவரிப் பட்டியலில் உள்ள தேடல் பெரும்பாலும் கடைசிப் பெயரை வைத்துத்தான் நடக்கும். நம்மைப் போல இனிஷியலும் ஒரே பெயரும் உள்ளவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சட்டென்று கிடைக்க மாட்டார்.

செலவுக் கணக்குப் பகுதிதான் ஏமாற்றம். டாக்ஸி, சாப்பாடு என்று பதியலாம், ஆனால் மொத்தம் எவ்வளவு என்று கருவியிலேயே பார்க்க வழியில்லை, கணினிக்கு அனுப்பி எக்செலில்தான் பார்க்க வேண்டும். தினமும் அலையும் ஆளுக்கு அது எதற்கு? செய்ய வேண்டியவை பட்டியலில் மாதாமாதம் தானாகத் திரும்ப வரும்படி ஒரு வேலையைப் போட முடியாது. அதை நாட்குறிப்பில் போட்டுச் சமாளிக்கலாம். குறிப்பு ஒன்று 4 கேபிக்கு, அதாவது சுமார் நான்காயிரம் ஆங்கில எழுத்துக்கு, மேல் போகாது, எங்களுக்கு அது போதும். திரையில் குச்சிப் பேனாவால் எழுதும் கிராஃபிட்டி எழுத்து முறையைப் பற்றித்தான் எல்லாரும் பயந்தார்கள். நடுக்கோடு இல்லாத ஏ மாதிரி ஒரே இழுப்பில் எழுதும் எழுத்துகள்தான், பழகினால் கை தானாக எழுதும்.

என்னை முழுக்கச் சம்மதிக்க வைத்தது ஹாட்சிங்க், அதாவது கருவியில் இருப்பதையும் கணினியில் இருப்பதையும் ஒன்றாக்கும் வசதி. கணினியோடு இணைந்த கிரேடில் என்ற தாங்கியில் கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்க மாற்றங்களும் சேர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்த நிலையில் கவனிக்காமல் விட்டால் கருவியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆனால் கணினியில் பிரதி இருக்கும். மறுபடி வைத்து அழுத்தினால் திரும்ப வந்துவிடும். அதனால் பாமை வாங்கலாம், ஆளுக்கொரு கிரேடில் அவரவர் மேசையிலேயே இருக்க வேண்டும், செலவுக் கணக்கு மட்டும் காகிதப் படிவத்திலேயே தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கிரேடிலைப் பொதுவாக ஒன்று வைத்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது, பக்கத்தில் இல்லாவிட்டால் யாரும் கருவியை அதில் வைக்க மாட்டார்கள் என்றேன். சரி என்று வாங்கினார்கள்.