சுவிட்ச் போர்டு வழியாக வந்த கருவாட்டு வாசனை

முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால், கதவைச் சாத்தியிருக்கும் படுக்கையறைக்குள் வாசனை வந்துவிடும். கதவுக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்தும் நிற்கவில்லை. ஒருநாள் கட்டில் பக்கத்துச் சுவிட்ச் போர்டில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அங்கேதான்! சமையலறைச் சுவரில் இருந்து வயர் பைப் வழியாக நேராக வருகிறது. அந்தப் போர்டின் திருகெல்லாம் துருப்பிடித்திருந்ததற்கும் அப்புறம்தான் காரணம் புரிந்தது.

சென்னை மேடவாக்கத்தில் சொந்த வீடு கட்ட ஆரம்பித்ததும் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். குளிர் நாடுகளில் வீட்டின் வெளிச்சுவரைக் காற்று கசியாதபடி அடைப்பார்கள். நமக்கு அது வேண்டாம், சாயங்காலம் கடல்காற்று வரும்போது ஜன்னலைச் சாத்திவைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் நாம் ஏ.சி. போடுவது ஒரே ஓர் அறைக்கு. அப்படியென்றால் ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கிற நாலரை இன்ச் சுவர்தான் நமக்கு வெளிச்சுவர். ஹாலில் 33 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேல் பட்டாலும் வியர்க்கும். அறையோ 24-இல் இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் சுவிட்ச் போர்டின் இரும்புப் பெட்டி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

செங்கல் சுவர் தானாகக் காற்றைத் தடுக்காது, கலவை சரியாக நிரம்பாத இடுக்கில் எல்லாம் கசியும். தடுப்பது மேலே போடும் பூச்சுதான். அதனால் பூச்சு எங்கே விட்டுப்போகிறது என்பதே முழு விஷயமும். மேஸ்திரியிடம் ரூஃப் வரைக்கும் பூசச் சொன்னேன். "சார், மேல ஃபால்ஸ் சீலிங் வரப்போகுது, அங்க யாரு சார் பாக்கப்போறா?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் பீமுக்கும் கடைசிச் செங்கல் வரிசைக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து விட்டிருந்தார்கள், அதை யாரும் பார்க்காததுதான் பிரச்சினை. அடைத்து, கோழிவலை அடித்து, பூச வைத்தேன். ஒரு நாள் கூலி கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்து எலக்ட்ரீஷியன். பெட்டியைச் சுற்றி விட்ட இடைவெளியைக் கலவையால் நிரப்பச் சொல்லலாம், ஆனால் பைப்பின் வாய்தான் முக்கியம். வயர் இழுத்த பிறகு இறுகாத களிம்பு மாதிரியான அடைப்பானை வைத்தோம். எம்-சீல் வைத்தால் கல்லாகிவிடும், நாளைக்கு ஒரு வயர் மாற்றவேண்டும் என்றால் சுவரை உடைக்கவேண்டியதுதான். ஏ.சி. பைப் போகும் ஓட்டையையும் மறக்காதீர்கள், பூச்சு முடிந்தபின் துளைப்பதால் அதை அடைப்பது யார் வேலை என்று ஒருவருக்கும் தெரியாது.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல், கதவைச் சாத்தி, குளியலறைக் கதவைத் திறந்துவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, ஊதுபத்தியைச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். எங்கே புகை சுவரைவிட்டு விலகி அறைப்பக்கம் சாய்கிறதோ அங்கே ஓட்டை. நான் செய்தபோது முதலில் தெரிந்ததே கதவின் அடிப்பாகம்தான். 36 இன்ச் கதவுக்கு அரை இன்ச் சந்து என்றால் 18 சதுர இன்ச், அதாவது 6-க்கு 3 என்று ஒரு ஓட்டை போட்டதற்குச் சமம். ரப்பர் பட்டை ஒட்டினேன். ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும், இவ்வளவு அடைத்தபின் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்தாகவேண்டும். சமையலறையை மட்டும் இப்படி அடைக்கவே கூடாது, அடுப்பு எரிய, புகை போக காற்று வேண்டும்.

இன்னும் ஓரிடத்தில் புகை சாய்கிறது, பரணுக்குப் பின்னால். அங்கே அலமாரி அடித்தாயிற்று. கழற்றவேண்டும் என்று சொன்ன நாளில் இருந்து கார்பென்டர் போனை எடுப்பதில்லை.