ஆறு வோல்ட்

பிசிக்ஸ் சார் காலமான செய்தி வந்தபோது ஷார்ஜாவில் ஒரு யுபிஎஸ்ஸைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய பெருமைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் என் திருட்டை எழுதுகிறேன்.

1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு, ரயிலுக்குக் காத்திராமல் இராமநாதபுரம் போய்வர முடிந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு, பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே ரேடியோவை ஓட்டும் எலிமினேட்டர் செய்கிறேன் என்று வாய்விட்டிருந்தேன். வலை வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து, வீட்டு மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மருக்கென்று அப்பா எடுத்துக் கொடுத்தார். நான் 6 வோல்ட் வாங்கினேன், மிச்சத்துக்குப் புரோட்டா. அந்தச் சால்னா இன்னும் நாக்கில் இருக்கிறது, வெட்கக்கேடு.

மின்சாரத்தை ஒரே திசையில் விட நான்கு 4007 டயோடுகள், அதன் ஏற்ற இறக்கத்தைச் சமனாக்க 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், வோல்ட்டை 6இல் நிறுத்தி வைக்க ஒரு 7806 சில்லு. மீட்டர் கச்சிதமாக 6 காட்டியது. வகுப்பே பார்க்க நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ரேடியோவை மாட்டு" என்றார் சார்.

மாட்டினேன். இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரலோடு கூடவே ஓர் உறுமல்.

"டிரான்ஸ்பார்மர் எத்தனை?"

"ஒன்பது, சார்."

தலையைச் சாய்த்து உறுமலைக் கேட்டபடியே மீட்டரை ஏசிக்கு, அதாவது மாறுமின்சாரத்துக்கு, திருப்பி, டிரான்ஸ்பார்மர் கம்பிகளில் வைத்தார். 6.1. யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியும்; அவர் இப்போது நம் பழைய மாணவர் சங்கப் பொறுப்பில் இருக்கிறார்.

சார் சிரிக்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஏசியின் உச்சத்துக்கு 6ஐ 1.414ஆல் பெருக்கினால் எட்டரை. நான்கில் ஒரே நேரத்தில் வழிவிடும் இரண்டு டயோடுகள் 1.4ஐ விழுங்கிவிடும். மிச்சம் 7 சொச்சம், ரேடியோ இழுக்கும்போது அதுவும் இறங்கும். 7806க்கோ உள்ளே 8 வோல்ட்டாவது வேண்டும்; அது கிடைக்காததால்தான் உறுமல். மீதிப் பணம் எங்கே என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. அந்த ஆண்டு முழுவதும் என் பெயர் 'ஆறு வோல்ட்'.

மறுநாள் காலை என் பெஞ்சில் செய்தித்தாளில் சுற்றிய பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. 9 வோல்ட். "கண்காட்சி முடிந்ததும் கொடுத்துவிடு" என்றார். உறுமல் அடங்கியது. பரிசும் கிடைத்தது. டிரான்ஸ்பார்மரைத்தான் கொடுக்கவில்லை.

போன விடுமுறையில் பரணிலிருந்து அந்த எலிமினேட்டரை இறக்கினேன். உப்புக்காற்றில் டயோடு கால்கள் பச்சை பூத்துத் தொட்டதும் உதிர்ந்தன. டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருந்தது. சார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அன்று மாலை மதுரையில் விமானம். அடுத்த முறை கொடுத்துக்கொள்ளலாம் என்று டிரான்ஸ்பார்மரைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

இப்போது என் மேசையில் இருக்கிறது.