பவானிசாகர் போறவங்க அணையையும் கொஞ்சம் பாருங்க

ஞாயித்துக்கிழமை பவானிசாகர் பூங்காவுக்கு வர்ற கூட்டத்துல முக்கால்வாசிப் பேருக்கு அது ஊஞ்சல், சறுக்கு, படகு, மீன் வறுவல். பிள்ளைங்களுக்கு அது போதும், சந்தோசமா விளையாடட்டும். எங்களுக்கு அது நாங்க சாப்பிடுற சோத்தோட ஊத்து. நாங்க ஈரோடு மாவட்டம் அரச்சலூர்ப் பக்கம், இந்த அணையில இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கால் பாசனம். காலையில பேப்பரைப் பிரிச்சா எங்கப்பா முதல்ல தேடுறது அணை நீர்மட்டத்தைத்தான்.

"இந்தக் கரை மட்டும் இல்லீன்னா, இன்னும் கம்பும் சோளமும் வெதச்சுப்போட்டு வானத்தைப் பார்த்துட்டுத்தான் இருக்கோணும் அம்மிணி" என்பார் எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா). பூங்காவுல நின்னு நிமிர்ந்து பார்த்தா அவர் சொன்ன கரை தெரியும். நடுவுல மதகு இருக்கிற பகுதி கற்கட்டு. ரெண்டு பக்கமும் புல் முளைச்ச மண் கரை, குன்று மாதிரி நீண்டுட்டே போகும். மொத்தம் 8 கிலோமீட்டருக்கு மேல. பவானியும் மாயாறும் சேர்ற இடத்துல 1948ல் வேலை ஆரம்பிச்சு, 1955ல் முடிச்சாங்க. நாடு விடுதலையானதும் கையில எடுத்த பெரிய பாசனத் திட்டங்கள்ல இதுவும் ஒண்ணு.

திட்டம் தானா வரலை. 1946ல் ஈரோட்டு எம்.எல்.ஏ. ஆன தியாகி ஈஸ்வரன், சென்னை மாகாண அரசை விடாம நெருக்கி வாங்கின திட்டம் இது. எங்க பக்கத்துப் பெரியவங்க அவர் பேரைச் சொல்லும்போது குரலே மாறும். அணை நிறைஞ்சா நீர்மட்டம் 105 அடி, 32.8 டி.எம்.சி. தண்ணி, 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2 லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். ஒரே நேரத்துல எல்லாருக்கும் தண்ணி பத்தாதுன்னு பாதிப் பாதியா முறை வெச்சிருக்காங்க. வாய்க்கால்ல ஒற்றைப்படை எண் மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படைக்கு அடுத்த முறை. ஒரு பாதி ஆகஸ்ட்ல நெல் நட்டா, மறு பாதி ஜனவரிக்கு மேல கடலையோ எள்ளோ போடும். எங்க முறை இல்லாத காலத்துலயும் வாய்க்கால் கசிவுல எங்க கிணறு ஊறும். அந்தக் கசிவை நம்பித்தான் எங்க தென்னை நிக்குது.

இதுக்காக இழந்தவங்களும் இருக்காங்க. அணைத் தண்ணிக்கடியில டணாயக்கன் கோட்டை கிடக்கு, போசள ராஜாக்கள் காலத்துத் தண்டநாயகன் (படைத்தலைவர்) ஒருத்தர் பேர்ல வந்த கோட்டை. அதைச் சுத்தியிருந்த ஊர்க்காரங்க எல்லாம் வீடு வாசலை விட்டுட்டு எந்திரிச்சுப் போனாங்க. கோயில் சாமிகளை வெளிய எடுத்துட்டு வந்து வெச்சாங்க. நல்ல வறட்சி வந்து தண்ணி அடிமட்டத்துக்கு இறங்குற வருசம், கோயிலோட கல் மண்டபம் தூணோட மேல வரும். படத்துல பார்த்தாலே மனசு என்னமோ பண்ணும். எங்க வயல் பச்சையா இருக்கிறதுக்கு அவங்க ஊர் முங்கியிருக்கு. இதைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாம அங்க கூட்டிட்டுப் போறது எனக்குச் சம்மதமில்லை.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சத்தியமங்கலத்திலிருந்து 16 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கு. வெயிலுக்கு முன்னாடியே போயிடுங்க. பூங்காவுல மரத்தடி நிறைய, கட்டுச்சோறு கொண்டு போனா நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். மீன் வேணும்னா வெளியில வரிசையா கடை இருக்கு. மசாலா தடவின துண்டுகளைத் தட்டுல அடுக்கி வெச்சிருப்பாங்க. உங்க கண் முன்னால சட்டியில போடச் சொல்லுங்க, ஓரம் மொறுமொறுன்னு சிவக்கிற வரைக்கும் நின்னு வாங்குங்க, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துத் தருவாங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்குக் கூட்டம் தாங்காது, கைக்குழந்தையோட போறவங்க வேற நாள் பாருங்க. கோடையில அணைக்குப் பின்னால காட்டுல இருந்து யானை தண்ணிக்கு இறங்கும், அதனால பூங்காவைத் தாண்டி நீர்த்தேக்கம் பக்கம் போக வேண்டாம். வாய்க்கால்ல தண்ணி விட்டிருக்கிற மாசமா இருந்தா, திரும்பும்போது ஏதாவது ஒரு பாலத்துல வண்டியை ஓரங்கட்டி, அது எந்த ஊருக்கெல்லாம் போகுதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.