பூம் வீச்சை அடக்க எந்தக் கருவி?

கடந்த தை மாதம் அத்தானும் நானும் எங்கள் சிறிய பாய்மரப் படகில் கோட்டைப்பட்டினத்திலிருந்து தொண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்குவதால், வாடை வீசும் காலத்தில் அவ்வழியே வரும் படகைக் காற்று நேர் பின்னாலிருந்து தள்ளும். சுகமான ஓட்டம்தான், ஆனால் பாய்க்கு அதைவிட ஆபத்தான திசை வேறு இல்லை. ஓர் அலை படகின் பின்புறத்தைச் சற்றே திருப்ப, காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்தது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்ற மூன்று மீட்டர் அலுமினியக் கட்டை, வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு ஒரே வீச்சில் பாய்ந்து, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றின் கப்பியை உடைத்துக்கொண்டு நின்றது. அத்தான் அந்த நேரத்தில் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று இரவு ஆச்சியிடம் கப்பி உடைந்ததை மட்டுமே இருவரும் சொன்னோம்.

அதன் பிறகு, பூமை அடக்கும் கருவி இல்லாமல் கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தோம். எந்தக் கருவி என்பதில்தான் இரண்டு மாதம் கழிந்தது.

முதல் வழி, பூமின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் படகின் முன்பகுதியான அணியத்தில் உள்ள ஒரு கப்பி வழியாகச் செலுத்தி, சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவருவது. இது பூமை அசையவே விடாது. பலர் இந்தக் கயிற்றை வசதிக்காகப் பூமின் நடுவில் கட்டுகிறார்கள், அது தவறு. நுனியில் கட்டும்போது வரும் இழுவையைப் போல நடுவில் இரு மடங்கு வரும் என்பதோடு, பூம் அந்த இடத்திலேயே வளைந்து முறியவும் கூடும். சரியாகக் கட்டினாலும் ஒரு சங்கடம் உண்டு: காற்று மறுபக்கத்தில் புகுந்துவிட்டால், பாய் பின்வாங்க இடமின்றிப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து அப்படியே கிடக்கும்; அந்த நிலையில் இறுகிய கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்த நிதானமான கை ஒன்று வேண்டும்.

இரண்டாவது வழி, பூமைத் தடுக்காமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்கும் பிரேக். படகின் இரு பக்க விளிம்புகளுக்கும் இடையே செல்லும் ஒரு கயிறு, பூமின் அடியில் தொங்கும் கருவியைச் சுற்றிச் செல்லும். பூம் நகர வேண்டுமானால் கருவி அந்தக் கயிற்றின் மேல் உரசிக்கொண்டுதான் நகர வேண்டும். டச்மேன் வகையில் உருளையின் இறுக்கத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். விச்சார்ட் நிறுவனத்தின் ஜிப்ஈசியில் சுழலும் பாகமே இல்லை. துளையிட்ட அலுமினியத் தகட்டில் கயிற்றை எத்தனை சுற்றுச் சுற்றுகிறோம் என்பதே பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது.

சுற்றுக்கு அவ்வளவு சக்தியா என்ற ஐயம் அத்தானுக்கு இருந்தது. வளவில் உள்ள பர்மா தேக்குத் தூணில், மெருகு கெடாமலிருக்க ஆத்தா கொடுத்த பழைய துண்டைச் சுற்றி, அதன் மேல் படகுக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினோம். ஒரு நுனியை எழுபத்தெட்டு வயது அப்பச்சி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். மறு நுனியை அத்தான் ஆத்தங்குடிக் கல்லில் கால் வழுக்க வழுக்க இழுத்தார். கயிறு அசையவில்லை. ஒரு சுற்றைக் கழற்றியதும், முனகிக்கொண்டே மெதுவாக நழுவத் தொடங்கியது. கணித அறிஞர் ஆய்லர் வகுத்த கணக்குப்படி, உராய்வுக் கெழுவை 0.25 என வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4.8 மடங்கும், இரண்டு சுற்றுக்கு 23 மடங்கும், மூன்று சுற்றுக்கு 111 மடங்கும் பிடிமானம் கூடும். பெருக்கிக்கொண்டே போகும் இந்தக் கணக்கைத் தூணில் கையால் உணர்ந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

தேரின் சக்கரத்துக்குக் கட்டை போடுபவரும் இரண்டு வகையாகப் போடுவார்: தேரை நிறுத்த ஒன்று, ஓட்டத்தை மட்டுப்படுத்தித் திருப்ப ஒன்று. அணியக் கயிறு முதல் வகை, பிரேக் இரண்டாம் வகை. ஒருவர் சுக்கானிலும் ஒருவர் பாயிலும் என இரண்டே பேர் செல்லும் எங்கள் படகுக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று தீர்மானித்து, சுழலும் பாகம் இல்லாத வகையையே தேர்ந்தெடுத்தேன். உப்புக் காற்றில் இறுகிப்போக அதில் எதுவும் இல்லை. கயிறு வாங்குவதில்தான் கவனம் வேண்டும். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு வலிமையானது என்றாலும் வழுக்கும், நீளாது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளச் சற்று நீளும் கயிறே இதற்குத் தேவை.

பிரேக்கின் குறையையும் சொல்ல வேண்டும். காற்று இரு மடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். ஆகவே இளங்காற்றுக்கு வைத்த இறுக்கம் பலத்த காற்றில் போதாது, பலத்த காற்றுக்கு வைத்த இறுக்கம் இளங்காற்றில் பூமை நகரவே விடாது. எனவே தொண்டிக்கான நீண்ட பின்காற்று ஓட்டத்தில் அணியக் கயிற்றையும் கட்டிக்கொள்வோம். கருவி வந்ததும், நங்கூரமிட்ட நிலையில், அத்தான் பூமைக் கையால் தள்ள, நான் சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கப் போகிறேன்.