மெய்வல்லுநர் பயிற்சிக்கு வாசிப்பு: பெப்ரவரி நாட்குறிப்பு

பெப்ரவரி 2

கொழும்பு மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் பயிற்சி நூல்கள் மலிவு. தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். ஆண்களுக்கான ஈட்டியின் ஈர்ப்பு மையம் 1986இலும் பெண்களுக்கானது 1999இலும் முன்னுக்கு நகர்த்தப்பட்டன. அதற்கு முந்திய நூல் பேசுவது வேறு ஈட்டி. ஓட்டத் தொடக்கத்தில் ஒரு பிழைக்கு மன்னிப்பு உண்டு என்று எழுதியிருந்தால் அது 2010க்கு முந்திய கதை. உடற்சூடு, ஓடும் உத்தி, பாய்ச்சலுக்கான அணுகு ஓட்டம் பற்றிய பக்கங்கள் அவ்வளவு விரைவில் பழசாவதில்லை.

பெப்ரவரி 5

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். 4x100 அஞ்சலோட்ட அத்தியாயத்தில் பேனாவால் ஒரு திருத்தம். முன்பு கோல் மாற்றும் பகுதி 20 மீற்றர். ஓடத் தொடங்க அதற்கு முன்னால் 10 மீற்றர் தனியாக இருந்தது. 2017 இறுதியில் இரண்டையும் சேர்த்து 30 மீற்றராக்கிவிட்டார்கள். கைமாறும்போது அந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டியது கோல்தான், ஓடுபவரின் கால் அல்ல.

கோலைப் பெறுபவர் தான் நிற்கும் கோட்டிலிருந்து, வருபவர் பக்கமாகப் பாதத்தால் அளந்து டேப் ஒட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 16 பாதத்தில் தொடங்கலாம். பெரியவர்களுக்கு 24 வரை போகும். வருபவர் டேப்பைத் தாண்டியதும் கிளம்ப வேண்டும், பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பகுதியின் நடுவுக்கு முன்பே வந்து முட்டினால் டேப்பை ஒரு பாதம் தள்ளி ஒட்டுங்கள். எட்டாமல் போனால் ஒரு பாதம் கிட்ட. முழு வேகத்தில் ஓடினால் மட்டுமே இந்த அளவு சரிவரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். களைத்தவர் பிந்தி வருவார். அதைப் பார்த்து டேப்பைக் கிட்டக் கொண்டுவந்தால் போட்டியன்று, களைப்பில்லாத கால்களோடு வருபவர், பெறுபவரின் முதுகில் மோதுவார்.

முதலாமவர் கோலை வலது கையில் பிடித்து வளைவின் உட்பக்கமாக ஓடுவார். இரண்டாமவர் இடது, மூன்றாமவர் வலது, நான்காமவர் இடது. கை மாற்றிப் பிடிக்கவே வேண்டாம்.

பெப்ரவரி 6

உயரம் பாய்தல். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தார். முதுகால் தாண்டும் முறையை டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது 1968இல். தடித்த மெத்தை இல்லாத பள்ளியில் அந்த அத்தியாயத்தைத் திறக்கவே வேண்டாம். கழுத்தில் விழுந்தால் என்ன ஆகும்? காலை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக் காலிலேயே இறங்கும் கத்தரிப் பாய்ச்சலே போதும்.

பெப்ரவரி 11

நடுத்தூரப் பயிற்றுவிப்பாளர்கள் நியூசிலாந்துப் பயிற்றுவிப்பாளர் ஆர்தர் லிடியார்டின் முறையைப் படிக்காமல் இருக்கக் கூடாது. அந்த முறையில் வாரம் 160 கிலோமீற்றர் ஓடி அடித்தளம் போட்டவர்தான் அவருடைய மாணவர் பீற்றர் ஸ்நெல். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் தங்கம் வென்றார். படிக்க வேண்டியது வரிசையை: முதலில் நீண்ட ஓட்டம், பிறகு மேடு, கடைசியில் வேகம். தூரத்தை அப்படியே பிரதி செய்வது ஆபத்து. அவை வளர்ந்த வீரர்களுக்கான எண்கள், அதுவும் நியூசிலாந்துக் குளிரில்.

கொழும்பில் விடியற்காலை வெயில் இல்லை; ஆனால் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடல் குளிராது. ஆகவே நிறுத்துப் பாருங்கள். ஓடுமுன் 52.0 கிலோ, ஓடியபின் 50.9, இடையில் குடித்தது 400 மில்லிலீற்றர் என்றால் போன வியர்வை ஏறத்தாழ 1.5 லீற்றர். வெறும் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், இளநீரும் உப்புள்ள சாப்பாடுமாக மெல்ல மெல்ல ஈடுசெய்யலாம்.

பெப்ரவரி 16

சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2000 சிட்னியில் ஒலிம்பிக் பதக்கம். 2007 ஒசாக்காவில் உலக வெண்கலம். பத்து வருடம்! ஒரே பிள்ளையை ஒரே நாளில் 100, 200, 400, நீளம் பாய்தல், அஞ்சல் என்று ஓட வைத்து இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பவர்கள் இந்தப் பத்து வருடத்தை நினைக்க வேண்டும்.

ஆகவே ஒரு கொப்பி. எழும்பியதும் நாடித் துடிப்பு, தூங்கிய மணி, ஓடியது, வலித்த இடம். துடிப்பு வழக்கத்தைவிட 8, 10 கூடி மூன்று நாள் இறங்காவிட்டால் வேக ஓட்டத்தை நிறுத்துங்கள். காய்ச்சலோ தூக்கக்குறைவோ பின்னால் இருக்கும். மூன்று வாரம் ஏற்றி நான்காம் வாரம் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். “பின்தொடை இழுக்குது” என்று செவ்வாயன்று எழுதியிருந்தால் வியாழன் ஸ்பைக்ஸ் போட விடாதீர்கள். கொப்பி முடிந்ததும் எறிய வேண்டாம். அடுத்த பெப்ரவரியில் அதே கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் புதிய அட்டவணை போட வேண்டும்.