வீட்டிலிருந்தே கஸ்டமர் சப்போர்ட் வேலை, நான்கு மாதத் தேடல்

அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக முடியாது, அதனால் ராஜபாளையத்தில் இருந்தபடியே ஒரு வேலை பார்த்தாக வேண்டும் என்று நான்கு மாதம் அலைந்தேன். படிப்பு பி.ஏ., முன் அனுபவம் கிடையாது.

முதல் மாதமே 2,500 ரூபாய் போனது. லேப்டாப் அனுப்ப டெபாசிட் என்றார்கள், கட்டினேன், மறுநாள் அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கவே கூடாது. ஐந்நூறு ரூபாய் ரிஜிஸ்ட்ரேஷன் என்றாலும் சரி, போனை வைத்துவிடுங்கள்.

'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று தேடினால் டெலிகிராம் டாஸ்க், டேட்டா என்ட்ரி என்று குப்பைதான் வரும். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் 'தமிழ் வாய்ஸ் பிராசஸ்' (போனில் பேசுவது), 'சாட் பிராசஸ்' (டைப் செய்து பதில் சொல்வது), 'ஃப்ரெஷர்' (முன் அனுபவம் இல்லாதவர்) என்று போட்டுத் தேட ஆரம்பித்த பிறகுதான் உண்மையான அழைப்புகள் வந்தன. வங்கி, டெலிவரி, டிடிஹெச் எல்லாவற்றுக்கும் தமிழில் பேச ஆள் வேண்டும். கூடவே தெலுங்கோ இந்தியோ தெரிந்தால் இன்னும் நல்லது. கால் சென்டர்களுக்கான விதிகளை 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியதால், வீட்டிலிருந்து பேசுகிறவரை வேலைக்கு எடுப்பது நிறுவனங்களுக்கு இப்போது சுலபம்.

இன்டர்வியூவில் டைப்பிங் டெஸ்ட், அப்புறம் மாக் கால். ரீஃபண்ட் வரவில்லை என்று ஒருவர் கத்துவார், நாம் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் திரும்பத் திரும்ப மன்னிப்பு மட்டுமே கேட்டேன், எடுக்கவில்லை. அடுத்த இடத்தில் அவர் சொன்னதை முழுசாகக் கேட்டு, ஆர்டர் நம்பரை வாங்கி, எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று சொன்னேன். தேர்வானேன். கோபத்தில் இருக்கிறவருக்கு வேண்டியது அந்தத் தேதிதான்.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துகிற ஊர்களில் இன்வெர்ட்டர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். பிராட்பேண்ட், மைக் வைத்த ஒயர் ஹெட்செட் இரண்டும் அவசியம்.

சரி என்று சொல்வதற்கு முன்னால் நீங்களும் கேளுங்கள்: பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்குமா, பி.எஃப். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும், இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்கிற பாண்ட் உண்டா? ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.