உப்புவெளியில் எங்கள் விடுதி அறைக் கட்டணமாகப் பிட்கொயின் வாங்கத் தொடங்கிய அனுபவம்

சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரைதான் எங்களுக்குத் தொழில். கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு போகும், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிரம்பும். வாடை தொடங்கிவிட்டால் படகைக் கரையேற்றிவிட்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அதனால் பணம் தர விரும்பும் விருந்தினரை, அவர் தர விரும்பும் வழி எங்களிடம் இல்லை என்பதற்காக இழக்க மனம் வருவதில்லை. “பிட்கொயினில் தரலாமா?” என்ற கேள்வி வரவேற்பு மேசையில் அடிக்கடி எழுந்தபோது, இதை முறையாகப் படித்துவிட்டே தொடங்குவது என்று முடிவு செய்தேன். திருகோணமலையில் இதையே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றக் கடைக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

பிட்கொயினைப் பெறவும் அனுப்பவும் பயன்படும் செயலியை அல்லது கருவியை வோலட் என்பார்கள். அதைத் தொடுவதற்கு முன்பு வங்கிக்குப் போனேன். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இதுபற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை அறிவித்தல்களை வெளியிட்டிருக்கிறது. மெய்நிகர் நாணயம் இந்த நாட்டின் சட்டபூர்வ நாணயம் அல்ல. அதை நடத்துவதற்கு எந்த நிறுவனத்துக்கும் மத்திய வங்கி உரிமம் கொடுக்கவில்லை. அதை வாங்குவதற்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த முடியாது என்பவை அவற்றின் சாரம். வங்கி உத்தியோகத்தரும் அதையே பொறுமையாக விளக்கினார். நட்டம் வந்தால் முறையிட ஓர் இடம் இல்லை என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் கணக்குகளைப் பார்க்கும் அண்ணா ஒரு நிபந்தனை வைத்தார்: “தம்பி, எந்த நாணயத்தில் வந்தாலும் வந்த நேரத்து ரூபாய்ப் பெறுமதியில் வருமானமாக எழுத வேண்டும். பரிவர்த்தனை எண், அறைப் பற்றுச்சீட்டு எண் இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.” அதற்கென ஒரு கொப்பி போட்டோம். இன்றுவரை அதுதான் எங்கள் ஆதாரம்.

அடுத்தது யார் கையில் எது இருப்பது என்ற கேள்வி. மேசையில் இருப்பவன் என் சித்தி மகன்; நல்ல பிள்ளை. ஆனாலும் பணத்தைச் செலவழிக்கும் சாவி இருக்கும் கைபேசியை ஆட்கள் வந்து போகும் மேசையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கைபேசி தொலையும், தண்ணீரில் விழும், திருடப்படும். அப்போது அதை வைத்திருந்தவனையே குற்றவாளியாகப் பார்க்கும் நிலை ஓர் உறவுக்குள் வரக்கூடாது. பிட்கொயினில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. செலவழிக்கும் அந்தச் சாவியைத் தனிச்சாவி என்பார்கள். அதிலிருந்து ஒரு மூலப் பொதுச்சாவி பிறக்கும். அந்தப் பொதுச்சாவியை மட்டும் ஒரு செயலியில் ஏற்றினால், அந்தச் செயலி புதிது புதிதாகப் பெறுமுகவரிகளை உருவாக்கும், வந்த தொகையைக் காட்டும், ஆனால் பிட்கொயினின் மிகச் சிறிய அலகான ஒரு சதோஷியைக்கூட வெளியே அனுப்ப அதனால் முடியாது. கோயில் உண்டியலில் யாரும் காசு போடலாம், திறப்பது தர்மகர்த்தா மட்டும்தான் என்பது போன்ற ஏற்பாடு. தனிச்சாவி இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு சிறு கருவியில், அதாவது வன்பொருள் வோலட்டில், இருக்கிறது. மேசைக் கைபேசியில் எலக்ட்ரம் செயலியில் பொதுச்சாவி மட்டும் இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் யாரும் வியாபாரத்தில் கிரிப்டோ வாங்கத் தொடங்க வேண்டாம் என்பேன்.

ரூபாய்க் கொடுப்பனவுக்கு இங்கே கடைகளில் வைக்கும் லங்காகியூஆர் அட்டையைப் போல ஒரு முகவரியை அச்சடித்து மேசையில் ஒட்டிவிடலாமே என்று தம்பி கேட்டான். கூடாது. பிட்கொயின் பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகும் பிளாக்செயின், எவரும் பார்க்கக்கூடிய திறந்த ஏடு. ஒரே முகவரியில் எல்லோரிடமும் வாங்கினால், ஒருமுறை பணம் தந்த எவரும் அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் வாங்கியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிப் பார்க்கலாம். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அது நல்லதல்ல. ஒட்டியிருக்கும் கியூஆரின் மேல் வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போகும் மோசடியும் உண்டு. ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் ஒரு புதிய முகவரி என்பது எங்கள் வழக்கமாயிற்று.

தனிச்சாவியைத் திரும்ப உருவாக்க உதவும் மீட்புச் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பணமும் அதில்தான் இருக்கிறது. வன்பொருள் வோலட் தரும் 24 ஆங்கிலச் சொற்கள், 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. கருவி உடைந்தாலும் அந்தச் சொற்கள் வரிசை மாறாமல் இருந்தால் பணம் திரும்பும். சொற்கள் இன்னொருவர் கண்ணில் பட்டால் பணம் அவருடையது. கருவியோடு வந்த அட்டையில் எழுதி வைக்கலாம்தான். ஆனால் நாங்கள் இருப்பது கடற்கரை. உப்புக்காற்று கதவுப் பிணைச்சலைத் தின்னும், காகிதம் மாரியில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், பேனா மை பரவும். படகுக்கு ஆணியும் கொளுக்கியும் வாங்கும் கடையில் 316 தர எஃகுத் தகடு ஒன்று வாங்கினேன். கடலோரத்துக்கு அதுதான் தாங்கும் என்பது படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எழுத்து பதிக்கும் இரும்பு அச்சுகளை ஒரு பட்டறையில் இரவல் வாங்கி வந்து, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நானே சுத்தியலால் அடித்தேன். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களும் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் சொல்லுக்கு நான்கு எழுத்து போதும். மொத்தமே 96 எழுத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது தகடு வேறு ஊரில், என் குடும்பத்தவர் ஒருவரிடம் இருக்கிறது. எங்கே என்று எழுதமாட்டேன். நீங்களும் உங்களுடையதை யாரிடமும் சொல்லாதீர்கள். படம் எடுத்துக் கைபேசியில் வைப்பது, மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்புவது இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும்.

எழுதி வைத்த சொற்கள் வேலை செய்கின்றனவா என்பதைக் கருவியை முழுதாக அழித்துவிட்டு மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொகை சிறிதாக இருக்கும்போதே அதைச் செய்தேன். தகட்டைப் பார்த்துச் சொற்களைக் கருவியில் ஏற்றி, மடிக்கணினியில் வோலட்டைப் புதிதாகத் திறந்தபோது, மீதித் தொகை கொப்பியில் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டியது. கடைசியாக வந்த கொடுப்பனவுகளைக் காணவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. காரணம் பிறகு புரிந்தது. மீட்கப்படும் வோலட் முகவரிகளை வரிசையாகத் தேடிக்கொண்டு போகும். தொடர்ந்து 20 முகவரிகள் வெறுமையாக இருந்தால் அத்துடன் நிறுத்திவிடும். முகவரியைக் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு மனம் மாறி ரூபாயில் தந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வெற்று முகவரிகளுக்கு அப்பால் இருந்த பணம் அதன் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். தேடும் எண்ணிக்கையைக் கூட்டியதும் எல்லாம் வந்து நின்றன. அந்த எல்லையைத் தாண்டும்போது செயலி எச்சரிக்கவே செய்யும். ஆனால் ஆள் முன்னால் காத்துக்கொண்டு நிற்கும்போது அதை யார் வாசிப்பார்கள்? தனக்கு மட்டும் வோலட் வைத்திருப்பவர் இந்தச் சிக்கலைச் சந்திப்பது அரிது. வியாபாரிக்குக் கட்டாயம் வரும். கொப்பியில் கடைசியாகப் பயன்பட்ட முகவரியின் வரிசை எண்ணையும் இப்போது எழுதுகிறோம்.

மேசையில் நடப்பது வேறு பாடம். கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு விருந்தினர், முதுகுப்பையை மாட்டியபடியே அறைக்கான தொகையை அனுப்பினார். பிட்கொயின் வலையமைப்புக்குத் தரும் பரிமாற்றக் கட்டணத்தை மிகக் குறைவாக வைத்து அனுப்பியிருந்தார். எங்கள் திரையில் ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்றே நின்றது. பரிவர்த்தனைகள் ஏறி உறுதியாகும் பிளாக், அதாவது அந்த ஏட்டின் ஒரு பக்கம், சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று உருவானாலும், குறைந்த கட்டணம் வைத்தது எப்போது ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அனுப்பியவர் அதை மாற்றித் தனக்கே திருப்பிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அவர் நேர்மையான மனிதர். எங்கள் தம்பி கேட்டுக்கொண்டதும் கட்டணத்தைக் கூட்டினார். பஸ் புறப்படுவதற்கு முன் உறுதியானது. அன்றிலிருந்து பிட்கொயினில் தருபவர்கள் அறைக்கு வரும்போதே தர வேண்டும், போகும்போது அல்ல என்று விதி வைத்தோம். ‘அனுப்பியாயிற்று’ என்று விருந்தினர் தன் திரையைக் காட்டுவதை ஆதாரமாக எடுப்பதில்லை. எங்கள் திரையில் ஓர் உறுதிப்படுத்தலாவது வர வேண்டும்.

காலைச் சாப்பாடு, சுழியோடும் கண்ணாடி வாடகை போன்ற சிறு தொகைகளுக்கு, பிட்கொயினின் மேல் இயங்கும் விரைவுக் கொடுப்பனவு முறையான லைட்னிங் வைத்திருக்கிறோம். நொடியில் வந்துவிடும், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் லைட்னிங்கில் பணம் வாங்க, சாவி இணையத்தோடு இணைந்த ஒரு கருவியில் இருந்தாக வேண்டும்; எங்களுக்கு அது பணம் வாங்கும் கைபேசிதான். அதனால் அதில் ஒரு நாள் சில்லறைக்கு மேல் சேரவிடுவதில்லை. கூடியதும் வன்பொருள் வோலட்டுக்கு மாற்றிவிடுவேன்.

யூஎஸ்டிடி என்ற இன்னொரு மெய்நிகர் நாணயத்தில் தர விரும்புபவர்கள் அதிகம். டொலரோடு கட்டப்பட்டிருப்பதால் விலை ஆடாது என்பது உண்மையான வசதிதான். இருந்தும் நான் ஏற்கவில்லை. அதே பெயர் ட்ரொன் என்ற வலையமைப்பிலும் இருக்கிறது, எத்தேரியம் என்ற வலையமைப்பிலும் இருக்கிறது. வலையமைப்பு மாறி அனுப்பினால் வரும் குழப்பத்தை மேசையில் நிற்கும் பிள்ளை தீர்க்க முடியாது. ட்ரொனில் வந்ததை நகர்த்தப் பொதுவாகக் கட்டணமாக அதன் சொந்த நாணயம் தனியாக வேண்டும். வெளியிடும் நிறுவனம் நினைத்தால் ஒரு முகவரியிலுள்ள யூஎஸ்டிடியை முடக்கவும் முடியும். நம் முகவரியின் முதலும் கடைசியும் போலவே தெரியும் போலி முகவரியிலிருந்து ஒரு துளித் தொகை அனுப்பி, அடுத்தமுறை பழைய பட்டியலிலிருந்து தவறான முகவரியைப் பிரதி எடுக்கவைக்கும் ஏமாற்றும் இந்த வலையமைப்புகளில் மிகுதி.

ரூபாயாக மாற்றுவதுதான் இந்த நாட்டில் கடினமான பகுதி. அறிமுகமில்லாத ஒருவருக்கு நாணயத்தை விற்று, அவர் வங்கிக் கணக்கில் ரூபாய் போடும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அந்த ரூபாய் யாரையோ ஏமாற்றிப் பெற்றதாக இருந்தால் விசாரணை நம் கணக்கைத் தேடி வரும், கணக்கு முடக்கப்படும். பருவத்தின் நடுவில் கணக்கு முடங்கினால் பெற்றோலுக்கும் சம்பளத்துக்கும் எங்கே போவது? நான் விற்பதில்லை. மாறாக, விருந்தினரிடம் பிட்கொயினில் ஏற்கும் அளவுக்கே வரம்பு வைத்தேன்: சம்பளம், மின்கட்டணம், படகுச் செலவு, வாடைக்கால வீட்டுச் செலவு எல்லாம் ரூபாயில் நிறைந்த பிறகு மிஞ்சும் அளவுக்கு மட்டுமே பிட்கொயின். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது, ரூபாயை நம்பாதே என்று சொன்னவர்கள் பிட்கொயினைக் காட்டினார்கள். அதே ஆண்டில் பிட்கொயினும் டொலர் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. இரண்டையும் பார்த்தவன் எதிலும் முழுதாகச் சாய மாட்டான்.

இன்னும் ஒரு வேலை மீதமிருந்தது. எனக்கு ஏதாவது நேர்ந்தால் இந்தப் பணத்தை எடுக்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கியைப் போல இறப்புச் சான்றிதழைக் காட்டி வாங்கும் வழி இதில் இல்லை. என் மனைவிக்குத் தமிழில் படிப்படியாக ஒரு கடிதம் எழுதினேன்: கருவி எது, தகடு எங்கே, முகவரித் தேடலை எவ்வளவுக்குக் கூட்ட வேண்டும், உதவி செய்கிறேன் என்று வருபவர் எவரிடமும் சொற்களைச் சொல்லக்கூடாது. அதைப் பார்த்து அவள் ஒருமுறை மீட்டும் காட்டினாள். இரண்டு இடங்களில் கடிதம் தெளிவில்லை என்றாள், திருத்தினேன். பருவம் தொடங்குவதற்கு முன், பங்குனிக் கடைசியில், திருத்திய கடிதத்தை வைத்து அவள் மீண்டும் செய்து பார்ப்பாள். அந்தமுறை நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.